வயிற்றில் பிள்ளை, வாசலில் பூனைக்குட்டி

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை கூடாது என்பதில் நம் குடும்பங்களில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காரணம்தான் ஆளுக்கு ஆள் மாறும். பூனை முடி வயிற்றுக்குள் போய்விடும் என்பார் மாமியார். பிறக்கும் பிள்ளைக்கு இளைப்பு வரும் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. கரு கலைந்துவிடும் என்று எங்கோ படித்ததைச் சொல்வார் கணவர். மூன்றும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரும்: மழையில் நனைந்து வாசலில் வந்து நிற்கும் அந்தக் குட்டியைச் சாக்குப்பையில் போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட வேண்டும்.

இந்த முடிவு சரியா என்று பார்ப்பதற்கு முன்னால் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஐந்தாறு வருடமாக வீட்டில் வளரும் பூனை ஒன்று. தெருவிலிருந்து இன்று தூக்கி வந்த குட்டி வேறொன்று. முதலாவதை விரட்டத் தேவையில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெளிவாகவே சொல்கிறது. அதே மையம், கர்ப்ப காலத்தில் புதிதாகப் பூனை வாங்காதீர்கள், தெருப்பூனைகளை, குறிப்பாகக் குட்டிகளைத் தொடாதீர்கள் என்றும் சொல்கிறது. பூனைப் பிரியர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள், பூனை ஆகாதவர்கள் இரண்டாம் பாதியை மட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும்.

பயத்தின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1908இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல், லூயி மான்சோ என்ற இருவர் ஒரு பாலைவனக் கொறிவிலங்கின் உடலில் இதைக் கண்டார்கள். அதே ஆண்டு பிரேசிலில் ஸ்ப்ளெண்டோர் ஒரு முயலில் கண்டார். தாயிடமிருந்து கருவிலிருக்கும் பிள்ளைக்கு இது போகும் என்பது நியூயார்க்கில் பிறந்த ஒரு குழந்தையின் நோயிலிருந்து 1939இல் உறுதியானது. ஆனால் தாய்க்கு எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1965இல் பாரிசில் காசநோய் மருத்துவமனை ஒன்றில் இருந்த குழந்தைகளுக்கு அரைவேக்காட்டு இறைச்சி கொடுத்தபோது தொற்று பல மடங்கு கூடியது. ஆட்டிறைச்சி சேர்த்தபோது இன்னும் கூடியது. அப்படியானால் இறைச்சிதான் காரணம் என்று முடித்திருக்கலாம். முடிக்கவிடாமல் தடுத்தது நம் நாட்டுச் சேதி. பம்பாயில் இறைச்சியே தொடாத சைவ உணவுக்காரர்களிடமும், இறைச்சி உண்பவர்களுக்கு இணையாக இந்தத் தொற்று இருப்பதாக 1959இலேயே பதிவாகியிருந்தது. சைவர்களுக்கு எங்கிருந்து வந்தது? விடையின் நுனியை கிளாஸ்கோவில் ஹட்சிசன் பிடித்தார். பூனையின் மலத்தில் இருக்கிறது என்று 1965இல் காட்டினார். 1970க்குள் முழுச் சுற்றும் தெளிவானது. இந்த ஒட்டுண்ணி பல்கிப் பெருகி முட்டை போன்ற உறையுடன் வெளியேறுவது பூனைக் குடும்பத்தின் குடலிலிருந்து மட்டும்தான்.

அந்தச் சுற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முடிவு செய்ய வேண்டிய எல்லாமே அதில்தான் இருக்கிறது. பூனைக்குத் தொற்று வருவது எலியை, குருவியை, பச்சை இறைச்சியைத் தின்பதால். தின்ற சில நாட்களில் மலத்தோடு உறைகள் வெளியேறத் தொடங்கும். லட்சக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில். ஆனால் இது ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான். அதன்பின் பூனைக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும்; பெரும்பாலான பூனைகள் வாழ்நாளில் இந்த ஒரு முறைக்கு மேல் பரப்புவதில்லை. வயதான வீட்டுப்பூனையைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்பதற்கும், வேட்டையாடப் பழகும் வயதிலுள்ள குட்டியிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. வெளியே வந்த உறை உடனே தொற்றாது. காற்றுப்பட்டு முதிர ஒன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். தினமும் தவறாமல் பூனையின் மணல் தட்டைச் சுத்தம் செய்கிற வீட்டில் அது முதிர வாய்ப்பே கிடைப்பதில்லை. பூனை தன்னை ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்துகொள்வதால் முடியில் உறைகள் ஒட்டியிருப்பதும் அரிது. மடியில் வந்து படுத்தால் வரும் நோயல்ல இது. முதிர்ந்த உறை கையில் பட்டு, அந்தக் கை கழுவப்படாமல் வாய்க்குப் போனால் வரும் நோய். முதிர்ந்துவிட்ட உறையோ லேசில் சாகாது. ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் இருக்கும். குளோரினுக்கும் ப்ளீச்சிங் பவுடருக்கும் அசையாது. கொதிநீர்தான் அதற்கு மருந்து. ஃபினாயில் ஊற்றித் தட்டைக் கழுவுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: அந்த மணம் உறையைக் கொல்வதில்லை, பூனைக்குத்தான் விஷமாகிறது.

அப்படியானால் கர்ப்பிணிகளுக்கு நடைமுறையில் எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் தொற்று ஏற்பட்ட 252 கர்ப்பிணிகளையும், ஏற்படாத 858 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2000இல் வெளியானது. தொற்றில் 30 முதல் 63 சதவீதம் வரை சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய இறைச்சியால் வந்தது. 6 முதல் 17 சதவீதம் மண்ணால். வீட்டில் பூனையோடு பழகுவது ஆபத்துக் காரணியாகத் தேறவில்லை. பூனைப் பிரியர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த ஆய்வைத்தான். ஆனால் 2009இல் அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அங்கே வேகாத இறைச்சியும் காய்ச்சாத ஆட்டுப்பாலும் பட்டியலில் இருந்ததோடு, மூன்றும் அதற்கு மேலும் பூனைக்குட்டிகள் வைத்திருப்பதும் ஆபத்தைப் பெரிதாகக் கூட்டியது. இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஐரோப்பிய ஆய்வு பேசுவது பூனையோடு பொதுவாகப் பழகுவதைப் பற்றி. அமெரிக்க ஆய்வு எச்சரிப்பது ஒரே வீட்டில் பல குட்டிகள் இருப்பதைப் பற்றி.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2004-05இல் கோயம்புத்தூரில் இந்த ஒட்டுண்ணியால் கண் பாதித்து வந்தவர்கள் 248 பேரைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அத்தனை பேரும் பூனை வளர்த்தவர்களா என்ன? சந்தேகம் விழுந்தது குடிநீர் மீது. கனடாவின் விக்டோரியா நகரில் 1995இல் நடந்ததும் இதுவேதான்; அங்கும் நகரின் நீர்த்தேக்கம்தான் காரணமாகக் கருதப்பட்டது. பிள்ளை பெறும் வயதிலுள்ள இந்தியப் பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், நாடு முழுவதற்குமான தொற்று விகிதம் 22.4 சதவீதம், தென்னிந்தியாவில் 37.3 சதவீதம், நான்கு திசைகளிலும் இதுவே அதிகம். நம்மூரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்களா வீட்டில் பூனை வளர்க்கிறார்கள்? பெரும்பாலும் வருவது மண்ணிலும் நீரிலும் உணவிலும் இருந்துதான்.

ஆகவே குட்டியை மீன் சந்தையில் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருக்கும் வீடு பாதுகாப்பான வீடல்ல. கர்ப்பிணிக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று ஆட்டுச் சுவரொட்டியையும் ஈரலையும் வாங்கி வந்து நெருப்பில் வாட்டிக் கொடுப்பது நம் வழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே சிவப்பு மாறாத அளவுக்கு வாட்டியது என்றால் அது பூனைத் தட்டைவிடப் பெரிய ஆபத்து. குக்கரில் வெந்த கறியில் பயமில்லை. இறைச்சியின் உள்பகுதி 66 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாண்டினால் ஒட்டுண்ணி செத்துவிடும். கறி வெட்டிய அரிவாள்மனையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவது, மண் போகாத கொத்தமல்லித் தழையைப் பச்சையாகத் தூவுவது, மாடித் தோட்டத்துத் தொட்டியில் வெறுங்கையால் மண் கிளறுவது, இவையெல்லாம் கணக்கில் வர வேண்டும். வீடு கட்டும் இடத்தில் தெருவில் கொட்டிய மணற்குவியல்தான் ஊர்ப் பூனைகளின் கழிப்பிடம். அதன் பக்கத்தில் குனிந்து கோலம் போட்டுவிட்டு வரும் பெண், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு அடுப்படிக்குள் போக வேண்டும்.

இதனால் கருவுக்கு என்ன ஆகும் என்பதை மழுப்பக் கூடாது. ஏற்கெனவே ஒரு முறை தொற்று வந்து போன பெண்ணுக்கு, நோய் எதிர்ப்புச் சக்தியில் பெருங்குறை இல்லாதவரை, ஏறக்குறைய கவலையே இல்லை. கர்ப்ப காலத்தில் முதல் முறையாக வந்தால்தான் சிக்கல். முதல் மூன்று மாதத்தில் வந்தால் கருவுக்குப் போகும் வாய்ப்பு குறைவு, சுமார் பத்தில் ஒன்று. ஆனால் போனால் கடுமை. கரு கலையலாம், குழந்தையின் தலையில் நீர் கோக்கலாம், மூளை பாதிக்கலாம். கடைசி மாதங்களில் போகும் வாய்ப்பு பாதிக்கு மேல்; அப்போது பாதிப்பு மிதமானது. பிறக்கும்போது நன்றாக இருந்த குழந்தைக்குச் சில வருடம் கழித்துக் கண்ணில் கோளாறு தெரியலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஸ்பைராமைசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பிரான்சில் தொற்று வராத கர்ப்பிணிகளுக்கு மாதம் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். நம் நாட்டில் அப்படியொரு பொதுத்திட்டம் இல்லை.

எனவே குட்டியை வைத்துக்கொள்ள நினைக்கும் கர்ப்பிணி முதலில் சோதிக்க வேண்டியது பூனையை அல்ல, தன்னைத்தான். டாக்ஸோபிளாஸ்மாவுக்கான ஐஜி-ஜி, ஐஜி-எம் என்ற இரண்டு எதிர்ப்புப் பொருள்களை ரத்தத்தில் பார்ப்பார்கள். ஐஜி-ஜி மட்டும் இருந்தால் பழைய தொற்று, பெரும்பாலும் நிம்மதி. இரண்டும் இல்லையென்றால் இதுவரை தொற்று வரவில்லை. இந்தப் பெண்தான் கவனமாக இருக்க வேண்டியவள். ஐஜி-எம் இருப்பதாக வந்தால் உடனே இடிந்துபோக வேண்டாம். டார்ச் பரிசோதனை என்று மொத்தமாக எடுத்து, அந்த ஒரு தாளைப் பார்த்தே கலங்கிப்போகும் தம்பதிகள் இங்கே ஏராளம். ஐஜி-எம் தொற்று போன பிறகும் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கும். அவிடிட்டி என்ற இன்னொரு சோதனை, தொற்று நான்கு மாதத்துக்கு முந்தியதா என்பதைச் சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது. மகப்பேறு மருத்துவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

குட்டிக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது நினைத்ததற்கு நேர்மாறான பாதையில் இழுத்துவிடும். எதிர்ப்புப் பொருள் இருக்கும் பூனை அநேகமாகப் பரப்பி முடித்துவிட்ட பூனை. இல்லாத பூனைதான் இனிமேல் பரப்பக் கூடியது. ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் விரட்டப்படுவது இரண்டில் பாதுகாப்பான பூனை.

இனி குட்டியையே கையில் எடுத்துப் பார்ப்போம். கையில் எடுப்பவர் கணவராகவோ மாமனாராகவோ இருக்கட்டும். கண் திறக்கவில்லை என்றால் பிறந்து பத்து நாளுக்குள். கண் திறந்து நீலமாக இருக்கிறது, காது நிமிர்ந்துவிட்டது, நடை தள்ளாடுகிறது என்றால் மூன்று வாரம். வாயோரத்தில் விரல் வைத்தால் முன்பற்கள் ஊசியாகக் குத்தினால் நான்கு வாரம். நீலம் மாறிப் பச்சையோ மஞ்சளோ ஏறத் தொடங்கியிருந்தால் ஏழு வாரத்தை நெருங்குகிறது. இந்த வயதுக் கணக்கு மிக முக்கியம். தாய்ப்பால் மட்டும் குடித்த குட்டிக்கு டாக்ஸோபிளாஸ்மா இருப்பது அரிது. தாய் கொண்டுவந்து போடும் எலியைத் தின்னத் தொடங்கிய குட்டியிடம்தான் வாய்ப்பு அதிகம். அதே சமயம் பால்குடிக் குட்டிக்கு இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க வேண்டும். பசும்பால் கூடாது, வயிற்றுப்போக்கு வந்து செத்துவிடும், குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடர்தான் வேண்டும். மசக்கையில் துவண்டு கிடக்கும் பெண்ணால் ஆகிற வேலையா இது?

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. அந்தக் குட்டி உண்மையிலேயே அநாதையா? தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் இடம் மாற்றும். நாய்த்தொல்லையும் மழையும் இல்லாத இடமென்றால் சில மணி நேரம் எட்ட நின்று பார்க்கலாம். நாம் ‘காப்பாற்றி’ எடுத்து வந்த குட்டிகளில் பல, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை.

இந்த விவாதத்தில் யாரும் பேசாத ஒன்று ரேபிஸ். டாக்ஸோபிளாஸ்மாவுக்கு நடுங்கும் வீடுகள் இதைச் சுத்தமாக மறந்துவிடுகின்றன; என்னைக் கேட்டால் வரிசையில் முதலில் நிற்க வேண்டியது இதுதான். நம் ஊரில் குட்டிகள் தனித்து நிற்பதற்கு ஒரு பெரிய காரணம், நாய்கள் தாயையும் மற்றக் குட்டிகளையும் கடித்துக் குதறியிருப்பது. உயிர் தப்பிய குட்டியின் முதுகில் பல் பட்ட காயம் இருந்தால் அது வெறும் காயமல்ல. நோய் வெளிப்பட வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி போடுவதே மூன்று மாத வயதில்தான். அதற்கு முன் அது கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். ‘மாசமாக இருக்கிறாள், ஊசி ஆகாது’ என்று தள்ளிப்போடுவது கொலைக்குச் சமம். கர்ப்பிணிக்கு இந்தத் தடுப்பூசி பாதுகாப்பானது. தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலினும் போடலாம். அறிகுறி தொடங்கிவிட்ட ரேபிஸுக்கு ஏறக்குறைய மீட்சியே இல்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். படர்தாமரை, தெள்ளுப்பூச்சி, குடற்புழு எல்லாம் தெருக்குட்டியோடு கூடவே வரும்; மாட்டாஸ்பத்திரியில் காட்டினால் தீரும். நாய்க்கு விற்கும் தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைக்குத் தடவிவிடக் கூடாது, பெர்மெத்ரின் கலந்தது அதைக் கொன்றுவிடும்.

பாட்டிகளின் பயங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பூனை முடி வயிற்றுக்குள் போய்க் கருவைத் தொடாது. விழுங்கிய முடி செரிக்காமல் வெளியேறிவிடும், கர்ப்பப்பைக்கும் குடலுக்கும் வழியில்லை. இளைப்பு விஷயத்தில் பதில் அவ்வளவு நேரானதல்ல. முதல் வயதில் இரண்டோ மேலுமோ நாய், பூனைகளோடு வளர்ந்த குழந்தைகளுக்கு ஆறேழு வயதில் ஒவ்வாமை குறைவாக இருந்ததை 2002இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. பரம்பரையாகத் தோல் வறட்சிக்கான ஒருவகை மரபணுக் குறை உள்ள குழந்தைகளுக்குப் பூனை இருந்தால் கரப்பான் கூடுவதாக 2008இல் இன்னோர் ஆய்வு சொன்னது. பெற்றோரில் ஒருவருக்குக் கரப்பானோ ஆஸ்துமாவோ இருந்தால் யோசித்துச் செய்யலாம் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஏதுமில்லை. பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சாது. ஆனால் கதகதப்பு தேடித் தூளிக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும். பிறந்த குழந்தையால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. பயம் தவறானது, எச்சரிக்கை சரியானது. குழந்தை தூங்கும் அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், அவ்வளவே.

நம் வழக்கப்படி ஒரு வசதியும் உண்டு. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். குழந்தைக்கு மூன்று மாதமாவது ஆகித்தான் திரும்புவாள். நான்காம் மாதத்தில் எடுத்த குட்டி, அவள் குழந்தையோடு வரும்போது வளர்ந்த பூனையாகியிருக்கும். இதற்குள் பூச்சி மருந்து, எட்டு வாரத்தில் பொதுத் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, ஐந்து மாத வாக்கில் கருத்தடை எல்லாம் முடிந்துவிடும். கடைசியாகச் சொன்னதை விட்டால் அடுத்த வருடம் அதே வீட்டில் ஐந்து குட்டிகள். ஆனால் இத்தனையையும் அவள் இல்லாத வீட்டில் யார் செய்வது? ‘குட்டியை நீதானே ஆசைப்பட்டு எடுத்தாய்’ என்று ஒதுங்கிக்கொள்ளும் வீட்டில் இந்தக் கணக்கு முதல் வாரத்திலேயே தகர்ந்துவிடும்.

ஆக, பார்த்தவரையில் என் தீர்ப்பு இது. எந்தப் பூனைக்கும் அஞ்சித் தெருவில் விட வேண்டியதில்லை. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வீட்டில் கர்ப்பிணி தவிர வேறொருவர் முழுப்பொறுப்பு எடுக்க முன்வந்தால், குட்டியைச் சில வாரம் தனி அறையிலோ மூடிய பால்கனியிலோ வைத்து, மருத்துவரிடம் காட்டி, சமைத்த உணவோ கடையில் விற்கும் பூனை உணவோ மட்டும் கொடுத்து வளர்க்கலாம். கோழிக்கடைக் கழிவைப் பச்சையாகப் போடக் கூடாது, வெளியே வேட்டைக்கு விடவும் கூடாது. அந்த வாரங்கள் கழியும்வரை கர்ப்பிணி எட்ட நின்று பார்த்தால் போதும். அப்படியொருவர் வீட்டில் இல்லையென்றால், குட்டியை நல்ல கைகளில் ஒப்படைப்பதே அதற்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. சென்னையில் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் முதல் ஊர்தோறும் இருக்கும் தன்னார்வலர்கள் வரை கேட்டுப் பார்க்கலாம். தெரிந்த வீடு ஒன்று கிடைத்தால் அதைவிட மேல். ஒப்படைப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இதைப் படிக்கும் கணவர்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணிடம் ‘வேண்டுமா வேண்டாமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘தினமும் காலையில் தட்டை நான் சுத்தம் செய்கிறேன், கடைசிவரை’ என்று உங்களால் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் குட்டி இருக்கட்டும். முடியாதென்றால், அதற்கொரு வீடு தேடும் வேலையையாவது அவள் தலையில் கட்டாமல் நீங்களே செய்யுங்கள்.